மியூனிக்கில் 12 யூரோ தண்டம்

முதலில் எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். மியூனிக்கில் அறை வாடகை கட்டுப்படியாகாது என்று ஆக்ஸ்பர்க்கில் தங்கினேன். ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் நான் கிளம்பிய சனிக்கிழமை பார்த்துத்தான் தண்டவாள வேலை. பதிலுக்கு விட்ட பேருந்து ஊரெல்லாம் சுற்றியது. இரண்டேகால் மணி நேரம் நின்றுகொண்டே போனேன். பழம்பொருள் சந்தைக்குள் நுழைந்தபோது நல்ல சரக்கெல்லாம் போயிருந்தது.

தேடிப் போனது மியூனிக் இருக்கும் பவேரியாவின் பழைய தபால் ஸ்டாம்பை. ஜெர்மனி ஒரே நாடாகும் முன்பு பவேரியா, சாக்சனி, பிரஷ்யா, பாடன் என்று ஆளுக்கொரு ஸ்டாம்ப் வைத்திருந்தார்கள். முதலில் வெளியிட்டது பவேரியா, 1849 நவம்பர் 1இல். அந்த ஒரு க்ரொய்ட்சர் (அந்தக் காலச் சில்லறைக் காசு) கறுப்பு என்றால் சேகரிப்பவர்கள் உருகிப்போவார்கள். கறுப்பின் மேல் அஞ்சலக முத்திரை சரியாகத் தெரியவில்லை என்று மறு வருஷமே ரோஸ் நிறத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

கறுப்பு நமக்கு எட்டாது. ஒரு பெரியவர் மூன்று க்ரொய்ட்சர் நீலத்தை நீட்டி 40 யூரோ என்றார். வாங்கிப் பின்பக்கம் திருப்பி, மொபைல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். தாளுக்குள் மேலிருந்து கீழாக மயிரிழை போல ஒரு சிவப்புக் கோடு. பட்டு நூல்! கள்ள ஸ்டாம்ப் அடிக்க முடியாதபடி, காகிதம் செய்யும்போதே உள்ளே நூலை ஓடவிட்டிருக்கிறார்கள். கறுப்பில் அது கிடையாது. நீலத்திலும் ஆறு க்ரொய்ட்சர் பழுப்பிலும் உண்டு. முகத்தில் பல்சக்கரம் மாதிரி ஒரு முத்திரை, நடுவில் எண். அந்த எண்தான் அஞ்சலகத்தின் அடையாளம். ஆனால் 1856 கடைசியில் எண்களை மாற்றிக் கொடுத்ததால், அதை மட்டும் வைத்து ஊரைச் சொன்னால் மாட்டிக்கொள்வோம்.

கை நடுங்கும்போது பேரம் பேசக் கூடாது. பேசினேன். 12 யூரோவுக்கு இறங்கினார். காசு கொடுத்த பிறகுதான் இடது ஓரத்தைப் பார்த்தேன். இவை ஓரத்தில் பல் இல்லாத ஸ்டாம்புகள், தாளிலிருந்து கத்தரியால் வெட்டி ஒட்டியவை. நாலு பக்கமும் வெள்ளை விளிம்பு நின்றால்தான் மதிப்பு. என்னுடையதில் கத்தரி படத்தின் ஓரச் சட்டத்துக்குள்ளேயே புகுந்திருந்தது.

மனசு ஆற லேபர்கேஸ் என்ற இறைச்சித் துண்டு வைத்த பன் வாங்கினேன். பெயரில் ஈரலும் பாலாடைக்கட்டியும் இருக்கிறது, பவேரியாவில் செய்வதில் இரண்டுமே கிடையாது. சூடான தடிமனான துண்டு, மேலே இனிப்புக் கடுகு. இந்தப் பயணத்தில் சாப்பிட்டதிலேயே இதுதான் உருப்படி. இன்னொன்றும் வாங்கினேன், பட்ஜெட்டைச் சொல்லிப் புலம்பிக்கொண்டே.

அப்புறம் ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு சின்ன ஸ்டாம்ப் கடை. கண்ணாடிக்குள் கறுப்பு ஒன்று இருந்தது; விலை என் விமான டிக்கெட்டைத் தாண்டியது. பக்கத்து அட்டைப் பெட்டியில் அதே மூன்று க்ரொய்ட்சர் நீலம், நாலு பக்கமும் விளிம்போடு, 3 யூரோ.

அதையும் வாங்கினேன். திரும்பும் பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. மடியில் இரண்டையும் வைத்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா எழுந்து முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார்.