வீட்டுவரி ரசீதில் ஒரு வரி

மன்னார்குடிப் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் நூலகராக இருக்கிறேன். காலையில் கதவைத் திறக்கும்போதே வாசலில் நாலைந்து பேர் நிற்பார்கள். எல்லாரும் பேப்பர் படிக்க வருகிறவர்கள். உட்கார்ந்த வேகத்தில் ஒருவர் முதல் பக்கம், ஒருவர் மாவட்டச் செய்தி, ஒருவர் விளையாட்டு என்று தாள் தாளாகப் பிரித்துக்கொள்வார்கள். படித்து முடித்தவர் கேட்காமலே பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடுவார். சில நூலகங்களில் தாள் பிரியாமல் இருக்க நூல் போட்டுத் தைத்து வைப்பார்கள். நான் தைப்பதில்லை. ஒரே நாளிதழை ஆறு பேர் ஒரே நேரத்தில் படிக்க வேறு என்ன வழி இருக்கிறது?

பத்து மணிக்கு மேல் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் வருவார்கள். குரூப் 4, குரூப் 2, காவலர் தேர்வு, ஆசிரியர் தகுதித் தேர்வு. பையில் சொந்தப் புத்தகம், தண்ணீர் பாட்டில், சாப்பாட்டு டப்பா. "இவர்கள் நம் புத்தகத்தைத் தொடுவதே இல்லை, நாற்காலியைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள்" என்று சக நூலகர்கள் சிலர் வருத்தப்படுவதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒற்றை அறை வீட்டில், டிவி ஓடிக்கொண்டிருக்கும்போது, யாரால் அரசியலமைப்புச் சட்டத்தைப் படிக்க முடியும்? பெண்பிள்ளைகள் பாடு இன்னும் சிரமம். "வீட்ல இருந்தா வேலை சொல்லிக்கிட்டே இருப்பாங்க சார்" என்று ஒரு பெண் சொன்னாள். அவளுக்கு நூலகம் கொடுப்பது ஒரு மேசை, ஒரு ஃபேன், யாரும் கூப்பிடாத சில மணி நேரம். இதுவும் நூலகச் சேவைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அவர்கள் நம்மிடம் கேட்கிற புத்தகமும் ஒன்று உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை பாடநூல்கள். அதிலும் 2018-இல் வரத் தொடங்கிய பாடநூல்கள் 'நியூ புக்', அதற்கு முந்தையவை 'ஓல்டு புக்'. கேள்வி எதிலிருந்து வேண்டுமானாலும் வரலாம் என்பதால் இரண்டும் வேண்டும். ஓல்டு புக் இப்போது கடையில் எளிதில் கிடைக்காது. படித்து முடித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் சொல்லிவைத்து, பழைய பேப்பர்காரரிடம் போவதற்கு முன்னால் வாங்கிச் சேர்த்தேன். பத்தாம் வகுப்பு சமூக அறிவியலின் ஓரங்கள் கறுத்து, அட்டை இரண்டு முறை மாறிவிட்டது. பொருள்வாரியாக வைத்தால் அவை உள்ளறை ரேக்குக்குப் போக வேண்டும். என் மேசைக்கு எதிரே வைத்திருக்கிறேன். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகங்களுக்காக எழுதிய ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. அந்த ஒரு ரேக்கை இடம் மாற்றியபோதுதான் அந்த விதி எனக்கு முழுசாகப் பிடிபட்டது.

இவர்கள் எல்லாம் உள்ளே வந்துவிட்டவர்கள். என் கவலை வராதவர்களைப் பற்றியது. ஒருநாள் ஒரு அம்மா, பையனைக் கையில் பிடித்துக்கொண்டு படியிலேயே நின்றார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டிருந்தார். "உள்ள வர எவ்வளவு கட்டணும் சார்?" என்று கேட்டார். "நீங்க ஏற்கெனவே கட்டிட்டீங்கம்மா, வாங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை. அடுத்த முறை வரும்போது வீட்டுவரி ரசீதைக் கொண்டுவரச் சொன்னேன். கொண்டுவந்தார். வீட்டுவரிக்குக் கீழே நூலக வரி என்று தனியாக ஒரு தொகை இருந்ததைக் காட்டினேன். "இது எதுக்குன்னு இத்தனை வருஷமா தெரியாதே" என்று அதையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பையன் அதற்குள் சிறுவர் பகுதியில் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

1948-இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் செய்த முதல் மாகாணம் இதுதான். ரங்கநாதனின் உழைப்பும் அப்போது கல்வி அமைச்சராக இருந்த அவினாசிலிங்கம் செட்டியாரின் முனைப்பும் அதற்குப் பின்னால் இருந்தன. வீட்டுவரி ஒரு ரூபாய்க்கு அரையணா, அதாவது ஏறக்குறைய மூன்று பைசா, நூலகத்துக்கு என்று அதில் எழுதினார்கள். இன்று ரூபாய்க்கு 10 பைசா. குடியிருப்பவர் வாடகைக்காரராக இருந்தாலும், வீட்டுக்காரர் அதையும் கணக்கில் வைத்துத்தான் வாடகை வாங்குகிறார். ஆக, படிக்கிறவர், படிக்காதவர், இதுவரை இந்தப் படியை மிதிக்காதவர் எல்லாருடைய காசும் இங்கே இருக்கிறது.

அதனால்தான் முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதித் தரச் சொல்லி வருகிற பாட்டியை, "இது நூலகம்மா" என்று என்னால் திருப்பி அனுப்ப முடிவதில்லை. வங்கியிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துச் சொல்கிறேன். ஆன்லைன் விண்ணப்பத்தில் எந்தச் சான்றிதழை ஏற்ற வேண்டும் என்று கேட்பவருக்கு, மேசையில் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளில் ஒருவர் எழுந்து உதவுவார். வருகைப் பதிவேட்டில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது. மாத அறிக்கையில் இரவல் போன நூல் எத்தனை, வந்த வாசகர் எத்தனை என்றுதான் போகும்.

பணம் வருகிற வழியையும் சொல்ல வேண்டும். வரியை வசூலிப்பது உள்ளாட்சி. அது மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போய்ச் சேர வேண்டும். பல ஊர்களில் அது நிலுவையில் நிற்கிறது. கட்டியவருக்குத் தெரியாத வரியை யார் கேட்பார்கள்? மழை ஒழுகும் மூலையைப் புரவலர்களும் வாசகர் வட்டமும் கைக்காசு போட்டுச் சரிசெய்யும்போது எனக்கு நன்றியும் வருகிறது, கோபமும் வருகிறது. அந்தச் செலவுக்கான பணத்தைத்தான் ஊர் முன்பே கட்டியாகிவிட்டதே.

நடக்க முடியாதவர்களைப் பற்றி இப்போது அதிகம் யோசிக்கிறேன். 1931-இல் இதே மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். இன்று 'நூலக நண்பர்கள்' திட்டத்தில் தன்னார்வலர்கள் பையில் புத்தகம் எடுத்துக்கொண்டு வீடு தேடிப் போகிறார்கள். எங்கள் பகுதியில் போய்வரும் கல்லூரி மாணவி ஒருத்தி போன வாரம் ஒரு சேதி கொண்டுவந்தாள். அவள் புத்தகம் கொடுக்கும் வீடுகளில் பெரியவர்கள் எல்லாரும் ஒன்றையே கேட்கிறார்களாம்: பெரிய எழுத்துப் புத்தகம். ஒரு காலத்தில் திருவிழாக் கடைகளில் அடுக்கடுக்காக விற்றவை அவை. எங்கள் இருப்பில் தேடினேன், ஒரு கை எண்ணிக்கைக்குக் கூடத் தேறவில்லை. வாசகர் வட்டக் கூட்டத்தில் இதை வைத்திருக்கிறேன். பெரிய எழுத்தில் அச்சிட்டவை எங்கே கிடைக்கும் என்று பதிப்பகங்களுக்கு எழுதும் வேலையை அந்த மாணவியே ஏற்றுக்கொண்டாள்.