ஸ்டுட்கார்ட்டில் மூன்று பேரும் மூன்று கனவுக் கார்களும்

13.5 கோடி யூரோ. ரூபாயில் ஆயிரம் கோடிக்கு மேல். 2022 மே மாதம் ஒரே ஒரு கார் அந்த விலைக்கு ஏலம் போனது. அதுவரை எந்தக் காரும் ஏலத்தில் அந்த விலையைத் தொட்டதில்லை. மொத்தம் செய்ததே இரண்டு. விற்காமல் வைத்துக்கொண்ட இன்னொன்றை ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் மெர்சிடிஸ் பென்ஸ் அருங்காட்சியகத்தில் பார்த்துவிட்டு வந்த சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன். எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு செலவு என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். அந்த வரிசை எங்கே போய் முட்டும் என்று தெரியவில்லை.

போனது மூன்று பேர். மூவருக்கும் கார்ப் பைத்தியம் உண்டு, ஆனால் ஒரே பைத்தியம் இல்லை. ஒருவனுக்கு போர்ஷே 911. அதிலும் மேனுவல் கியர் இருந்தால்தான் வண்டி, இல்லையென்றால் அது லிஃப்ட் என்பான். இன்னொருவனைக் கணக்குப்பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். அவனுடைய கனவுக் கார் நாலு பெட்டி கொள்கிற டிக்கியோடு இருக்க வேண்டும், பின் சீட்டில் அம்மா காலை நீட்டி உட்கார வேண்டும், லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்று சொல்ல வேண்டும். "இதெல்லாம் கனவாடா? இதைத்தான் எல்லாரும் நனவிலேயே வாங்குகிறார்களே" என்று கேட்டால் கோபம் வரும். எனக்குச் சின்ன வயதிலிருந்து ஒரே கார்தான்: மெர்சிடிஸ் 300 எஸ்.எல். கதவுகள் பறவைச் சிறகு மாதிரி மேலே விரியுமே, அதுதான்.

மெர்சிடிஸ் அருங்காட்சியகத்தில் மேலிருந்து கீழே இறங்கிவர வேண்டும். வெள்ளி நிறக் கேப்சூல் மாதிரி ஒரு லிஃப்ட் நேரே உச்சிக்குக் கொண்டுபோய் விடுகிறது. கதவு திறந்ததும் முதலில் நிற்பது கார் இல்லை, ஒரு குதிரை. பாடம் பண்ணிய வெள்ளைக் குதிரை. அதைத் தாண்டினால் 1886. கார்ல் பென்ஸின் மூன்று சக்கர வண்டியும், டைம்லரின் மோட்டார் வைத்த கோச்சு வண்டியும். பென்ஸ் வண்டியில் ஒற்றை சிலிண்டர், ஒரு குதிரைத்திறன்கூட முழுசாகக் கிடையாது, மணிக்கு 16 கிலோமீட்டர் போகும். முன் சக்கரங்கள் இரண்டையும் சரியாகத் திருப்பும் வழி அவருக்கு அப்போது பிடிபடவில்லை. அதனால் முன்னால் ஒரே சக்கரத்தோடு விட்டுவிட்டார். தீர்க்க முடியாத பிரச்சினையைச் சுற்றிக்கொண்டு போகிற இந்தப் புத்தி எனக்கு ரொம்பப் பிடித்தது.

ஆடியோ கைடு டிக்கெட் விலையிலேயே அடக்கம். மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

நடுவே நிறைய மாடிகள். போப்பாண்டவர் நின்றபடி கையசைத்த வண்டி, பூவேலை மாதிரி வண்ணம் தீட்டிய அர்ஜென்டினா டவுன் பஸ். எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நான் அவசரத்தில் இருந்தேன்.

300 எஸ்.எல். முன்னால் போய் நின்றேன். முதலில் கண்ணில் பட்டது கதவு இல்லை, கதவுக்குக் கீழே இருந்த சுவர். ஆமாம், சுவர்தான். இந்தக் காரின் எலும்புக்கூடு மெல்லிய குழாய்களைப் பற்றவைத்துச் செய்தது. எடை குறைவு, உறுதி அதிகம். அந்தக் குழாய்கள் பக்கவாட்டில் முழங்காலுக்கு மேல் ஏறிவிட்டதால் சாதாரணக் கதவு வைக்க இடமில்லை. அதனால்தான் கூரையில் கீல் போட்டு மேலே தூக்கினார்கள். அழகுக்காகச் செய்ததில்லை, வேறு வழியில்லாமல் செய்தது! 1954-ல் நியூயார்க்கில் காட்டினார்கள், 1957 வரை 1,400 கார்கள் செய்தார்கள். பானெட் தாழ்வாக இருக்க வேண்டும் என்பதற்காக எஞ்சினையே ஒருக்களித்துப் படுக்க வைத்திருக்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை ஒரு சுற்று சுற்றிவந்தான். "கண்ணாடி கீழே இறங்காது போலிருக்கே?" உண்மைதான். அந்தக் கதவில் கண்ணாடியை இறக்க இடம் கிடையாது. வெயில் காலத்தில் உள்ளே வெந்துவிடுவார்கள் என்று அந்தக் காலத்திலிருந்தே புகார். ஏறி உட்காருவதற்கு ஸ்டீயரிங்கை மடக்க வேண்டும். பின் சக்கர அமைப்பு வேறு, வளைவில் திடீரென்று காலை அக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்தால் பின்பக்கத்தைத் தூக்கி எறிந்துவிடும். "இதில் போய் காய்கறி வாங்குவியா?" என்றான். அவனுக்குப் பதில் சொல்லவில்லை. ஆனால் சின்ன வயதுக் கனவில் ஏதோ ஒரு திருகு கழன்ற மாதிரி இருந்தது.

அப்புறம்தான் அந்த ஆயிரம் கோடிக் காரின் ஜோடி. 300 எஸ்.எல்.ஆர். கூபே. பெயர் ஒரே மாதிரி இருந்தாலும் இது வேறு ஜாதி. மூன்று லிட்டர், எட்டு சிலிண்டர் பந்தயக் காருக்கு மேலே ஒரு கூரையைப் போட்டிருக்கிறார்கள். 1955-ல் பிரான்சில் நடந்த லெ மான் பந்தயத்தில் கார் ஒன்று கூட்டத்துக்குள் பாய்ந்து எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். இந்தக் கூபேக்கள் ஓடுவதற்காக இருந்த அந்த ஆண்டின் மெக்சிகோ பந்தயம் ரத்தானது, ஆண்டு முடிவில் மெர்சிடிஸும் பந்தயத்தைவிட்டே விலகியது. இவற்றுக்கு ஓட வேறு இடமில்லை. உருவாக்கிய எஞ்சினியர் ருடால்ஃப் ஊலன்ஹவுட் என்ன செய்தார்? ஆபீசுக்கு எடுத்துக்கொண்டு போனார்! மணிக்கு 290 கிலோமீட்டர் போகிற பந்தயக் காரில் வேலைக்குப் போகும் மனிதர். ஸ்டுட்கார்ட்டிலிருந்து மியூனிக்குக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆனது என்று ஒரு கதை உலவுகிறது. அவர் சொந்தமாகக் கார் வைத்துக்கொள்ளவில்லை என்றும் சொல்கிறார்கள்.

அங்கேயே முடிவு செய்தேன். என் கனவுக் கார் இனி இதுதான். சிறகுக் கதவு இதிலும் இருக்கிறது, ஆனால் காரணம் அதுவல்ல. ஒருவர் தினமும் ஓட்டிப் பழைய சட்டை மாதிரி ஆக்கிக்கொண்ட கார் இது. வருத்தம் என்னவென்றால், இன்றைய விலையில் இதை எவர் தைரியமாகத் தெருவில் ஓட்டுவார்? ஓடாத கார் எனக்குக் காரே இல்லை. 13.5 கோடி கொடுத்தவர் பெட்ரோலும் போட்டு ஓட்டுகிறார் என்று நம்ப ஆசை.

வெளியே வந்தபோது கொலைப்பசி. ஊருக்குள் மலைச்சரிவில் இருந்த ஒரு சின்ன உணவகத்தில் 'லின்சன் மிட் ஷ்பெட்ஸ்லே' கிடைத்தது. பழுப்புப் பயறைக் கெட்டியாக வேகவைத்து, வினிகர் ஊற்றிப் புளிப்பாக்கி, பக்கத்தில் முட்டை மாவில் செய்த குட்டி நூடுல்ஸைக் குவித்துவைக்கிறார்கள். மேலே இரண்டு சாசேஜ். சைவம் என்று சொன்ன போர்ஷேக்காரனுக்குச் சாசேஜை எடுத்துவிட்டுக் கொடுத்தார்கள், பயற்றுக்குள் கிடந்த பன்றி இறைச்சித் துண்டு இரண்டாவது வாயில் தென்பட்டது. அவன் பாலாடைக்கட்டி போட்ட ஷ்பெட்ஸ்லேக்கு மாறினான், நாங்கள் அவன் தட்டையும் சேர்த்து முடித்தோம். புளிப்பும் பயறும் சேர்ந்த அந்தச் சுவைக்காகவே ஸ்டுட்கார்ட் போகலாம். ஆனால் தண்ணீர்! பாட்டில் தண்ணீரும் பீரும் கிட்டத்தட்ட ஒரே விலை. கணக்குப்பிள்ளை அன்று முழுக்கக் குழாய்த் தண்ணீர் பிடித்துவைத்த பாட்டிலைக் கட்டிப்பிடித்தபடி நடந்தான்.

இப்போது வயிற்றெரிச்சல் பகுதி. ஆட்டோபான் என்ற ஜெர்மன் அதிவேக நெடுஞ்சாலையில் ஒரு நாளாவது நல்ல வண்டி ஓட்டிவிட வேண்டும் என்று, கூரை திறக்கும் ஸ்போர்ட்ஸ் காரை வாரக்கணக்கில் விலை ஒப்பிட்டு முன்பதிவு செய்திருந்தோம். கவுன்டரில் இருந்தவர் சிரித்தபடி நீட்டிய சாவி, சாம்பல் நிற டீசல் ஸ்டேஷன் வேகனுடையது. பதிவில் 'அல்லது அதற்கு இணையானது' என்று இருக்கிறதாம். எதில் இணை? இரண்டுக்கும் சக்கரம் நாலு என்பதிலா? அதற்கு மேல் இரண்டாவது டிரைவருக்குத் தனிக் கட்டணம், கீறலுக்குத் தனி இன்சூரன்ஸ், குறிப்பிட்ட தூரத்தைத் தாண்டினால் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று ஒரு தாள் முழுக்க. கிரெடிட் கார்டில் டெபாசிட்டாக முடக்கிய தொகையைப் பார்த்து நான் இரவு சாப்பாட்டை ரொட்டிக்கு மாற்றினேன். ஒரே ஒருவன் முகத்தில் மட்டும் ஒளி. கணக்குப்பிள்ளை டிக்கியைத் திறந்து, மூன்று பெட்டியையும் படுக்கவைத்து, இன்னும் இடம் இருக்கிறது என்று காட்டினான்.

அந்த வண்டியில் போன இடம் வீஸ்லோக். இதை எந்தச் சுற்றுலாப் பட்டியலும் முன்னால் போடுவதில்லை, போட வேண்டும். 1888 ஆகஸ்டில் கார்ல் பென்ஸின் மனைவி பெர்தா, கணவரிடம் சொல்லாமல் அந்த மூன்று சக்கர வண்டியை எடுத்துக்கொண்டு, பதின்ம வயது மகன்கள் இருவரோடு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கிளம்பிவிட்டார். நூறு கிலோமீட்டருக்கு மேல். அங்கே அவருடைய அம்மா வீடு. வண்டி செய்யப் பணம் போட்டதும் அவருடைய சீதனத்திலிருந்துதான், ஆகவே கேட்காமல் எடுத்ததில் தப்பே இல்லை என்பது என் கட்சி. வழியில் எரிபொருள் தீர்ந்தது. பெட்ரோல் பங்க் என்ற ஒன்று உலகத்திலேயே இல்லாத காலம். வீஸ்லோக்கில் மருந்துக் கடைக்குப் போய், கறை எடுக்க விற்கும் லிக்ரோயின் திரவத்தை வாங்கி ஊற்றினார். அடைத்துக்கொண்ட எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் குத்தினார். தேய்ந்த பிரேக்குக்குச் செருப்புத் தைப்பவரிடம் தோல் அடிக்கச் சொன்னார். மேட்டில் வண்டி திணறியபோது பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். திரும்பி வந்து அவர் சொன்னதைக் கேட்டுத்தான் மேடு ஏற இன்னொரு கியர் வந்தது.

மருந்துக் கடைக் கட்டடம் இன்னும் இருக்கிறது, முன்னால் நினைவுச் சின்னம். நாங்கள் போனபோது அங்கே வேறு யாரும் இல்லை. பெர்தா போன பாதை இப்போது பெயர்ப் பலகைகளோடு சுற்றுலா வழியாக இருக்கிறது, போக வர 194 கிலோமீட்டர். அதில் ஒரு துண்டைத்தான் நாங்கள் ஓட்டினோம். கிலோமீட்டர் கணக்கு கழுத்தைப் பிடித்தது.

ஆட்டோபான் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளை வட்டத்தில் குறுக்கே கறுப்புக் கோடுகள் போட்ட பலகை வந்தால் வேகக் கட்டுப்பாடு முடிந்தது என்று அர்த்தம். 130 என்பது பரிந்துரை மட்டும். பலகையைப் பார்த்ததும் போர்ஷேக்காரன் மிதித்தான். டீசல் வேகன் முனகிக்கொண்டே 170-ஐத் தொட்டது. கண்ணாடியில் புள்ளியாகத் தெரிந்த ஒரு வண்டி, நாங்கள் "பார்" என்பதற்குள் பின்னால் வந்து நின்றது. வலது பக்கமாக முந்துவதற்குச் சட்டம் இடம் கொடுக்காது, ஆகவே நாம்தான் ஒதுங்க வேண்டும். ஒதுங்கினோம். அதற்கப்புறம் போர்ஷேக்காரன் வலது லேனிலேயே லாரிக்குப் பின்னால் சாதுவாக வந்தான்.

கடைசியாக ஸ்டுட்கார்ட்டின் ட்சூஃபன்ஹவுசன் பகுதியில் போர்ஷே அருங்காட்சியகம். மூன்றே மூன்று தூண்களில் தூக்கி நிறுத்திய கட்டடம், ஸ்டேஷனில் இறங்கியதுமே தெரியும். மெர்சிடிஸ் அளவுக்குப் பெரியதில்லை, கதை சொல்வதிலும் அவ்வளவு பொறுமை இல்லை. ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு இதுதான் உசத்தி. இங்கே நிற்கும் கார்கள் ஓடுகிற கார்கள். பழைய பந்தயங்களுக்கும் ராலிகளுக்கும் இங்கிருந்து எடுத்துப் போகிறார்கள். கீழ்த்தளத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பட்டறை. ஒருவர் குனிந்து, பழைய 911 ஒன்றின் பின்பக்க எஞ்சினுக்குள் கையை முழங்கைவரை விட்டு, எதையோ தடவித் தேடிக்கொண்டிருந்தார். கண் வேறு எங்கோ பார்க்கிறது, விரல் மட்டும் வேலை செய்கிறது. எங்கள் போர்ஷேக்காரன் மேலே போகாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். டிக்கெட் காசு வீணாகிறது என்று இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது.

911-க்கு முதலில் வைத்த பெயர் 901. 1963-ல் அந்தப் பெயரோடுதான் காட்டினார்கள். நடுவில் சைபர் வரும் மூன்றிலக்க எண்கள் எங்களுடையவை என்று பிரெஞ்சுக் கார் கம்பெனி பெஷோ மறுப்பு சொன்னதால் சைபரை ஒன்றாக்கினார்கள். மாடியில் 1971-ல் ஓடிய 917 என்ற பந்தயக் கார் ஒன்று, இளஞ்சிவப்பு வண்ணத்தில், உடம்பெல்லாம் கசாப்புக் கடைப் படம் மாதிரி கோடு கிழித்து, தொடை, விலா என்று எழுதியிருக்கிறது. 956 என்ற பந்தயக் காரைக் கூரையில் தலைகீழாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். மணிக்கு 320 கிலோமீட்டரைத் தாண்டினால் காற்று அதைத் தரையோடு அழுத்தும் விசை அதன் எடையையே மிஞ்சிவிடும், கணக்குப்படி கூரையிலேயே ஓட்டலாம் என்கிறார்கள். கணக்கு என்றதும் எங்கள் ஆள் ஃபோனில் கால்குலேட்டரைத் திறந்தான்.

நாங்கள் போன அன்று புது 911 ஒன்றில் உட்காரவும் விட்டார்கள். நானும் உட்கார்ந்தேன். முதுகு சரியாகப் பொருந்துகிறது, முன்னால் எல்லாம் தெரிகிறது, கதவு சாதாரணமாகத் திறக்கிறது. மனசு கொஞ்சம் ஆடியது என்பது உண்மை. போர்ஷேக்காரனிடம் சொல்லவில்லை, நீங்களும் சொல்லிவிடாதீர்கள். அவன் ஏறியவன் இறங்கவே இல்லை. பின்னால் வரிசை, ஒரு குட்டிப் பையன் இடுப்பில் கைவைத்து முறைத்துக்கொண்டு நின்றான். கணக்குப்பிள்ளை பின் சீட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "இதில் அம்மா இல்லை, அம்மாவின் கைப்பைதான் உட்காரும்" என்று தீர்ப்பு சொன்னான்.

வரிசையாகச் சொல்கிறேன் என்றேன் அல்லவா, இதோ. மெர்சிடிஸுக்கு எஸ்1 ரயிலில் நெக்கர்பார்க், போர்ஷேக்கு எஸ்6 அல்லது எஸ்60-ல் நொய்விர்ட்ஸ்ஹவுஸ். ஐந்து பேர்வரை சேர்ந்து வாங்கும் ஒரு நாள் குழு டிக்கெட் இருக்கிறது, மூன்று பேர் என்றாலே லாபம். ஒரே நாளில் இரண்டையும் பார்க்கலாம் என்று சொல்பவரை நம்பாதீர்கள், மெர்சிடிஸுக்கே முழு நாள் பத்தாது. வாடகைக் கார் எடுத்தால் 'இணையானது' என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். திங்கட்கிழமை இரண்டு அருங்காட்சியகமும் மூடியிருக்கும். அன்றைக்கு வீஸ்லோக் போய்விடுங்கள்.