மூடிய சேனல், முடங்கிய சேனல்: சோடியம் மின்னோட்டத்தை ஒழுங்காக அளப்பது

சோடியம் சேனல் என்பது செல் சவ்வில் சோடியம் அயனிகளை உள்ளே விடும் புரதத் துளை. கண்ணாடிப் பிப்பெட்டைச் செல்லில் ஒட்டி, சவ்வின் மின்னழுத்தத்தை −120 மில்லிவோல்ட்டில் பிடித்து வைத்து, சட்டென்று 0-க்குத் தூக்குங்கள். திரையில் மின்னோட்டக் கோடு செங்குத்தாகக் கீழே இறங்கும், ஒரு மில்லிசெகண்டுக்குள் அடியைத் தொடும், உடனே மேலேறத் தொடங்கும். மின்னழுத்தம் இன்னும் 0-லேயே நிற்கிறது; ஆனாலும் மின்னோட்டம் தேய்ந்துவிடுகிறது. அந்தத் தேய்வுதான் முடக்கம்: சேனல் அடைபட்டு, தூண்டினாலும் திறக்காத நிலை. சேனலின் மூன்றாம், நான்காம் பகுதிகளை இணைக்கும் வளையத்தில் ஐசோலூசின், ஃபீனைல்அலனைன், மெத்தியோனின் என்று மூன்று அமினோ அமிலங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. அவற்றை மாற்றிவிட்டால் கோடு மேலேறாமல் கீழேயே கிடக்கும்.

பிப்பெட்டுக்குள் நாங்கள் ஊற்றுவது: சீசியம் ஃபுளோரைடு 130, சோடியம் குளோரைடு 10, ஈஜிடிஏ (கால்சியத்தைப் பிடித்துவைப்பது) 10, ஹெப்பிஸ் (பிஎச்-ஐ நிலையாக வைப்பது) 10 மில்லிமோலார், பிஎச் 7.3. பொட்டாசியத்தை எடுத்துவிட்டுச் சீசியம் போடுவது பொட்டாசிய மின்னோட்டத்தை அடக்க. வெளியே சோடியம் 140. இந்த அளவுகளுக்கு, அறை வெப்பநிலையில், மின்னோட்டம் திசை மாற வேண்டிய இடம் சுமார் +67 மில்லிவோல்ட். உங்கள் மின்னோட்ட–மின்னழுத்த வரைபடம் +40-இல் திரும்பினால் சேனலைச் சந்தேகிக்காதீர்கள். கசிவையும் கரைசலையும் பாருங்கள்.

பெரும்பாலான பதிவுகள் கெடுவது தொடர் மின்தடையால், அதாவது பிப்பெட் முனையில் மின்னோட்டம் சந்திக்கும் தடையால். 4 மெகாஓம் தடை வழியே 5 நானோஆம்பியர் ஓடினால் 20 மில்லிவோல்ட் பிழை. நீங்கள் −40 கேட்டிருப்பீர்கள், சவ்வு −20-இல் இருக்கும். பெருக்கியில் அதில் 80 விழுக்காடு ஈடுசெய்தாலும் 4 மில்லிவோல்ட் மிச்சம். இதற்கு ஓர் அடையாளம் உண்டு: −50-இல் ஒன்றுமே இல்லை, −45-இல் மின்னோட்டம் ஏறக்குறைய முழுதாக வந்து நிற்கும். நல்ல பதிவில் அது நாலைந்து படிகளில் ஏறும். அப்படித் தாவினால் அந்தச் செல்லை விட்டுவிடுங்கள்; பிறகு கணக்குப் போட்டு அதைச் சரிசெய்ய முடியாது. பிப்பெட் முனையை 1.5 முதல் 2 மெகாஓமுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வெளிச் சோடியத்தைப் பாதியாகக் குறைத்து அந்த இடத்தைக் கோலின் என்ற, சேனல் வழியே போகாத அயனியால் நிரப்பினாலும் மின்னோட்டம் சுருங்கும், பிழையும் சுருங்கும். நீண்ட கிளைகள் உள்ள நியூரானில் இதெல்லாம் போதாது. கிளையின் தொலைமுனை பிடிக்கு அடங்காமல் தனியாகச் சுடும் (மின்துடிப்பு எழுப்பும்), கோட்டில் தாமதமாக ஒரு பள்ளம் விழும். உருண்டைச் செல்லைத் தேடுங்கள்.

பிப்பெட் முனையின் கீழுள்ள சவ்வைக் கிழித்துச் செல்லைத் திறந்ததும் அளக்காதீர்கள். ஃபுளோரைடு உள்ளே பரவப் பரவ முடக்க வளைவு (எந்த மின்னழுத்தத்தில் எவ்வளவு சேனல்கள் முடங்கும் என்பது) எதிர்மறைப் பக்கம் நகரும். ஐந்து நிமிடம் விடுங்கள், எல்லாச் செல்லுக்கும் அதே ஐந்து நிமிடம்.

முடக்கத்தைத் தனியாகப் பார்க்க, −130 தொடங்கி −20 வரை படிப்படியாக 100 மில்லிசெகண்டு முன்துடிப்பு கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் பிறகு 0-க்கு ஒரு சோதனைத் துடிப்பு. முன்துடிப்பு −60-ஐ நெருங்கும்போதே சோதனை மின்னோட்டம் கணிசமாகக் குறைந்திருக்கும். அந்தச் சேனல்களில் பல ஒருமுறைகூடத் திறந்திருக்காது, திறக்காமலே முடங்கியவை. நரம்புச் செல்லை மெதுவாக ஏற்றினால் ஏன் சுடாமல் போகிறது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது.

முடங்கிய சேனல்களின் மீட்சியைப் பார்க்க, 0-க்கு இரண்டு துடிப்புகள், நடுவில் இடைவெளி 0.5 முதல் 100 மில்லிசெகண்டு வரை. இடைவெளியில் −120-இல் வைத்தால் சில மில்லிசெகண்டில் பெரும்பகுதி திரும்பிவிடும். −70-இல் வைத்தால் நேரம் பல மடங்கு நீளும். அங்கே சில சேனல்கள் எவ்வளவு காத்தாலும் வராது. உயிருள்ள நியூரான் ஓய்வில் இருப்பது ஏறக்குறைய இந்த −70-இல்தான் என்பதால், செயல்மின்னழுத்தம் (செல் ஒருமுறை சுடும் மின்துடிப்பு) முடிந்த முதல் ஒன்றிரண்டு மில்லிசெகண்டில் எவ்வளவு தூண்டினாலும் செல் மறுபடி சுடாது. −120-இல் எடுத்த எண்ணை அப்படியே நியூரானுக்குப் பொருத்தாதீர்கள்.

கடைசியாக 500 நானோமோலார் டெட்ரோடோடாக்சின் என்ற, சோடியம் சேனலை அடைக்கும் நஞ்சை ஊற்றி எல்லாத் துடிப்புகளையும் மறுபடி ஓட்டுங்கள். மிஞ்சுவதை முதல் பதிவிலிருந்து கழித்தால் கிடைப்பது, நஞ்சுக்கு அடங்கும் சோடியம் சேனல்களின் மின்னோட்டம் மட்டும். இதயத் தசையின் சேனலுக்கும் வலியுணர் நரம்புகளின் சில சேனல்களுக்கும் இந்த அளவு போதாது.