காய்ச்சலும் பாய்ச்சலும்

டெல்டாவில் ஏற்றம் இல்லை என்று வெளியூர் சைக்கிள்காரர்கள் சொல்வார்கள். ஆடி மாதம் திருவையாற்றிலிருந்து கல்லணை பக்கம் வண்டியைத் திருப்பிப் பார்க்கட்டும், மேல்காற்றே ஏற்றமாக நிற்கும். மலையில் ஓட்டுகிறவர்களுக்கு இறக்கத்திலாவது கால் ஓயும். இந்தச் சமவெளியில் மிதித்தால்தான் வண்டி. கல்லணை போய்வர 65, 70 கிலோமீட்டர். அதில் காலுக்கு ஒரு நிமிடம்கூட ஓய்வு இருக்காது.

போன வருடம் இதே சாலையில்தான் உடம்பைக் கெடுத்துக்கொண்டேன், இதே சாலையில்தான் மீட்டேன். மாநில அளவில் 40 கிலோமீட்டர் டைம் ட்ரையல், அதாவது ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கடிகாரத்தோடு மோதும் போட்டி, ஓட வேண்டும், அதுவும் நல்ல நேரத்தில் முடிக்க வேண்டும் என்று வைகாசியிலேயே முடிவு செய்திருந்தேன். வாரத்தில் ஆறு நாள் பயிற்சி. செவ்வாயும் வியாழனும் இன்டர்வல் (சில நிமிடம் கடுமையாக, கொஞ்சம் தளர்வாக, மறுபடி கடுமையாக), சனிக்கிழமை நீண்ட தூரம், மற்ற நாட்கள் மெதுவாக. நோட்டில் அப்படித்தான் எழுதியிருந்தேன். ஆனால் எந்த நாளும் மெதுவாகப் போனதில்லை. போகும்போது எதிர்காற்றில் முட்டி மோதுவேன். திரும்பும்போது காற்று முதுகில் தள்ளும், வேகம் 40-ஐத் தொடும், அந்த ஆசையில் இன்னும் மிதிப்பேன். ஓய்வாக இருக்க வேண்டிய நாளெல்லாம் அரைகுறையான கடும் பயிற்சியாகிவிட்டது.

ஆடி கடைசியில் உடம்பு பேசத் தொடங்கியது. காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே நாடித்துடிப்பு பார்ப்பது வழக்கம். எப்போதும் 52, 53 இருக்கும். அது 58 ஆனது, பிறகு 61. ராத்திரி உடம்பெல்லாம் அலுப்பு, தூக்கம் மட்டும் வராது. என்னை மிகவும் பயமுறுத்தியது இன்டர்வல் நாள்தான். தொடை எரிகிறது, மூச்சு வாங்குகிறது, ஆனால் நாடித்துடிப்பு 160-ஐத் தாண்ட மறுக்கிறது. முன்பெல்லாம் இதே உழைப்புக்கு 175 வரும். இதயம் பழகிவிட்டது, நல்லதுதான் என்று நானே ஒரு அர்த்தம் சொல்லிக்கொண்டு, குறைந்த வேகத்தைச் சரிக்கட்ட ஞாயிற்றுக்கிழமையும் ஓட்ட ஆரம்பித்தேன். அதுதான் பெரிய தவறு.

ஆவணியில் ஒரு நாள் வண்டியை வரப்பில் சாய்த்துவிட்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன். குறுவைக்குத் தண்ணீர் கட்டாமல் விட்டிருந்தார். மண்ணில் மயிரிழை மாதிரி வெடிப்பு ஓடியிருந்தது. பெருவிரலால் அழுத்தினால் மேலே பொருக்கு, அடியில் இன்னும் ஈரம். "ஏன்ப்பா, வாய்க்கால்ல தண்ணி ஓடுதே, பாய்ச்சலையா?" என்றேன். "எந்நேரமும் தண்ணி நின்னா வேரு மேலயே கிடக்கும்மா. கொஞ்சம் காயவிட்டாத்தான் தண்ணியத் தேடிக் கீழ இறங்கும். காய்ச்சலும் பாய்ச்சலுமா விடணும்" என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரா, பயிரைப் பார்த்துச் சொன்னாரா தெரியாது. நான் அன்று மாலையே கோச்சுக்குப் போன் செய்து எல்லா எண்களையும் வாசித்துக் காட்டினேன். அதுவரை மறைத்து வைத்திருந்தேன்.

பத்து நாள் சைக்கிளைத் தொடக்கூடாது என்றார். கூடவே ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் பரவாயில்லை, ஆனால் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் குறைவாக இருந்தது. டாக்டர் மாத்திரை கொடுத்தார், காபியோடு சேர்த்துச் சாப்பிட்டால் இரும்பு சரியாக உடம்பில் ஏறாது என்றும் சொன்னார். காலைக் காபியை மாத்திரையிலிருந்து ஒன்றரை மணி நேரம் தள்ளி வைத்தேன். காவிரிக்கரையில் பிறந்தவளுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

அந்தப் பத்து நாளில் முதல் நான்கு நாள் அழுகை வந்தது, ஐந்தாம் நாள் தூக்கம் வந்தது. மதியம் படுத்தால் இரண்டு மணி நேரம் அசையாமல் தூங்கினேன். ஒன்பதாம் நாள் காலையில் நாடி 54.

அப்புறம் பயிற்சியை மாற்றிக் கட்டினோம். வாரத்தில் இரண்டே கடும் நாள். மற்ற நாட்களில் பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியம் பேச முடிகிற வேகம், நாடி 135-க்குக் கீழே. காற்று தள்ளினாலும் சரி, எதிர்த்தாலும் சரி, நாடி எண்ணைப் பார்த்து ஓட்டுவேன், வேகத்தைப் பார்ப்பதில்லை. திங்கள் முழு ஓய்வு. மூன்று வாரம் ஏற்றினால் நான்காவது வாரம் பாதியாகக் குறைப்பது. புரட்டாசியில் குறுவை அறுத்து நெல்லைச் சாலையோரம் காயப்போடும்போது இன்டர்வலைக் காலை ஆறு மணிக்கே முடித்துவிடுவேன். நெல்லின்மேல் சக்கரம் ஏறினால் வழுக்கும், அதைவிட அது ஒருத்தருடைய நாலு மாத உழைப்பு.

சாப்பாட்டில்தான் அதிகம் கோட்டை விட்டிருந்தேன். இரண்டரை மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தபோது 1.8 கிலோ குறைந்திருந்தது. வழியில் நான் குடித்தது ஒரு பாட்டில். இப்போது இரண்டு பாட்டில் உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர், சட்டைப் பையில் பூவன் பழமும் கடலை மிட்டாயும். அரை மணிக்கு ஒருமுறை பசிக்காவிட்டாலும் வாயில் போடுவேன். வீட்டுக்கு வந்ததும் குளிப்பதற்கு முன்பே தயிர் சோறும் முட்டையும்.

தை மாதம் போட்டி. அதற்கு முந்தைய இரண்டு வாரம் தூரத்தைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்தோம், கடும் பகுதிகளின் வேகத்தை மட்டும் குறைக்கவில்லை. தியாகராஜர் ஆராதனைக்காக ஊரே பாட்டும் கூட்டமுமாக இருந்தது. நான் திண்ணையில் காலை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். கால் துறுதுறுத்தது. அந்தத் துறுதுறுப்பை நான் ஆறு மாதமாக உணர்ந்ததே இல்லை. போட்டியில் ஐந்தாவதாக வந்தேன், என் பழைய நேரத்தைவிட 1 நிமிடம் 50 விநாடி குறைவு.

இப்போது மறுபடியும் ஆடி. மேட்டூர்த் தண்ணீர் வாய்க்கால் நிறைய ஓடுகிறது. இன்று வியாழன், நோட்டில் எட்டு நிமிட இன்டர்வல் ஐந்து. காலையில் நாடி 58. நோட்டில் அடித்துவிட்டு, திருக்காட்டுப்பள்ளி வரை மெதுவாகப் போய் ஒரு இளநீர் குடித்துவிட்டுத் திரும்பினேன்.