ஓயா: கல் எடுத்த பள்ளத்துக்குள்

ஜப்பானின் உட்சுனோமியா நகருக்குப் பலரும் போவது கியோசா என்ற கொழுக்கட்டை சாப்பிட. நான் போனது கல் பார்க்க. டோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். அங்கிருந்து அரை மணி நேர பஸ் பயணத்தில் ஓயா. கிடங்கு, மதில், வாசல் தூண் என்று எங்கு பார்த்தாலும் ஒரே கல்தான். லேசாகப் பச்சை ஓடிய சாம்பல் நிறம், அங்கங்கே பொத்தல்.

சுமார் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பகுதி கடலுக்கு அடியில் கிடந்தது. எரிமலை கக்கிய சாம்பலும் நுரைக்கல்லும் அங்கே படிந்து இறுகியதுதான் ஓயா கல். இடையிடையே பழுப்புக் களிமண் திட்டுகள் உண்டு. உள்ளூரில் அவற்றுக்கு 'மிசோ' என்று பெயர். மழையிலும் வெயிலிலும் அந்த மண் உதிர்ந்துபோக, பொத்தல் மட்டும் மிஞ்சுகிறது. ஒரு பழைய மதிலின் பொத்தலில் விரலை விட்டுத் தேய்த்தேன். பொடி ஒட்டிக்கொண்டு வந்தது. இவ்வளவு மெத்தென்ற கல்லை வைத்து வீடு கட்டுவதா என்று தோன்றும். ஆனால் இந்த ஊர் பிழைத்ததே அதனால்தான். எடை குறைவு, உளிக்கு இணங்கும், தீயையும் தாங்கும். நெல், சரக்கு வைக்கும் கிடங்குகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஓயா வரலாற்று அருங்காட்சியகம் என்பது 1919 முதல் 1986 வரை கல் வெட்டிய சுரங்கமேதான். 20,000 சதுர மீட்டர் பரப்பு, 30 மீட்டர் ஆழம். வெளியே ஆகஸ்ட் புழுக்கம். படி இறங்க இறங்கப் பல் கிட்டுகிறது. ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள். எல்லோரும் வண்ண விளக்கு போட்ட மண்டபத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் சுவரோடு நின்றுவிட்டேன். 1960 வாக்கில் இயந்திரம் வரும்வரை எல்லாம் கைவேலை. 18 செ.மீ., 30 செ.மீ., 90 செ.மீ. அளவில் ஒரு கல்லைப் பெயர்க்க 4,000 தடவை கொத்த வேண்டுமாம். ஒரு ஆள் நாளைக்குப் பத்துக் கல் எடுப்பாராம். அந்தக் கொத்து ஒவ்வொன்றும் சுவரில் அப்படியே இருக்கிறது, ஒழுங்கில்லாமல், நெருக்கமாக. சற்றுத் தள்ளி இயந்திரம் அறுத்த பகுதியில் அளவெடுத்த மாதிரி நேர்க்கோடுகள். போர்க்காலத்தில் இதே இருட்டுக்குள் விமானத் தொழிற்சாலையும் ஓடியிருக்கிறது.

இந்தக் கல்லை வெளியுலகம் அறிந்தது, அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட் இதைப் பயன்படுத்திக் கட்டிய டோக்கியோ இம்பீரியல் ஹோட்டலால். 1923 செப்டம்பர் 1, திறப்பு விழா நாளன்றே பெரும் கான்டோ நிலநடுக்கம். ஹோட்டல் கொஞ்சம் சேதத்தோடு தப்பியது. ஓயா கல்லின் பெயரும் பரவியது. எனக்கென்னவோ இந்தப் புகழில் பாதி இரவல் என்றே படுகிறது. பாரம் சுமந்தது உள்ளே இருந்த கான்கிரீட்டும் செங்கல்லும். 1960களின் கடைசியில் ஹோட்டலை இடித்துவிட்டார்கள்; முகப்புப் பகுதி மட்டும் ஐச்சி மாகாணத்து மெய்ஜி முரா என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சரி, ஓயாவிலேயே இன்னும் இரண்டு இடங்கள். ஓயா-ஜி கோயிலில் குகைச் சுவரில் செதுக்கிய ஆயிரம் கை கானோன், பௌத்தர்களின் கருணைத் தெய்வம். பக்கத்திலேயே, போரில் இறந்தவர்களுக்காகப் பாறையைக் குடைந்து எழுப்பிய 27 மீட்டர் அமைதி கானோன். நகரத்துக்குத் திரும்பியதும் மட்சுகாமினே தேவாலயத்தையும் பார்த்துவிடுங்கள். சுவிட்சர்லாந்துக்காரரான மாக்ஸ் ஹிண்டர் வடிவமைத்து 1932இல் கட்டியது. அங்கேயும் உள்ளே கான்கிரீட்தான், மேலே போர்த்தியிருப்பது ஓயா கல்.