எல்.இ.டி எரியவில்லையா? முதலில் போர்டைச் சோதியுங்கள்

"அண்ணா, கோட் சரியாத்தான் இருக்கு, ஆனா ஓட மாட்டேங்குது." லேபில் ஜூனியர்கள் அதிகம் சொல்வது இதுதான். உடனே கோடைத் திருத்த உட்கார்ந்துவிடாதீர்கள். கோளாறு கேபிளிலா, போர்டிலா, வயரிங்கிலா, கோடிலா என்று பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். ஆர்டுயினோ, 8051 போன்ற மைக்ரோகன்ட்ரோலர்கள் (புரோகிராம் ஏற்றி இயக்கும் குட்டிக் கணினி சிப்கள்) படித்ததில் எனக்கு அதிகம் கைகொடுத்த பழக்கம் அது.

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் மலிவான ஆர்டுயினோ ஊனோ போர்டுகள் பலவற்றில் சிஎச்340 என்ற யூஎஸ்பி சிப் இருக்கும். அதற்கான டிரைவர் இல்லாத கணினியில் போர்ட்டே தெரியாது. கேபிளையும் மாற்றிப் பாருங்கள். சில கேபிள்களில் சார்ஜ் ஏற்றும் கம்பி மட்டும்தான், டேட்டா கம்பி கிடையாது. பவர் விளக்கு எரிவதால் கேபிள் மேல் சந்தேகமே வராது.

போர்ட் தெரிந்தும் அப்லோடு "நாட் இன் சிங்க்" என்று நின்றால், 0, 1 பின்களில் செருகியதைக் கழற்றுங்கள். ஊனோவில் அப்லோடு அந்த வழியாகத்தான் போகிறது. ஆர்டுயினோ நானோ போர்டு என்றால் மெனுவில் "ஓல்ட் பூட்லோடர்" தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பிறகு எல்லா வயரையும் எடுத்துவிட்டு, உதாரணங்களில் உள்ள பிளிங்க் புரோகிராமை ஏற்றுங்கள். 13-ஆம் பின்னோடு சேர்ந்த விளக்கு சிமிட்டினால் போர்டு, கேபிள், டிரைவர் மூன்றும் நலம். இனி உங்கள் சர்க்யூட்டையும் கோடையும் மட்டும் பார்த்தால் போதும்.

பலரைத் திணறடிப்பது பட்டன். அழுத்தாமலே விளக்கு எரியும், கையைக் கிட்டே கொண்டுபோனால் அணையும். பேய் பிடித்ததுபோல் இருக்கும், காரணம் எளிது. பட்டன் திறந்திருக்கும்போது அந்த பின் 5 வோல்ட்டோடும் சேரவில்லை, கிரவுண்டோடும் சேரவில்லை. சுற்றியுள்ள மின் இரைச்சலை எல்லாம் அது உள்வாங்குகிறது. பின்மோடில் "இன்புட்" என்பதற்குப் பதில் "இன்புட் புல்அப்" என்று எழுதி, பட்டனின் மறுமுனையைக் கிரவுண்டில் கொடுங்கள். சிப்புக்குள் இருக்கும் 20 முதல் 50 கிலோ ஓம் ரெசிஸ்டர் பின்னை 5 வோல்ட்டுக்கு இழுத்துப் பிடிக்கும். இப்போது அழுத்தினால் "லோ", விட்டால் "ஹை". இந்தத் தலைகீழ் கணக்கை இஃப் வரியில் மறந்துவிடாதீர்கள். இதற்குப் பிறகும் பட்டன் எப்போதும் அழுத்தியதாகவே காட்டினால், பிரெட்போர்டில் அதை 90 டிகிரி திருப்பிச் செருகுங்கள். நான்கு கால்களில் இரண்டிரண்டு உள்ளுக்குள்ளேயே இணைந்திருக்கும்.

போர்டு அனுப்புவதைக் கணினியில் காட்டும் சீரியல் மானிட்டரில் எழுத்துகள் சிதைந்து வந்தால் கோடிலும் மானிட்டரிலும் ஒரே பாட் ரேட் (டேட்டா போகும் வேகம்) இருக்கிறதா பாருங்கள்.

8051 மைக்ரோகன்ட்ரோலர் லேப் இருப்பவர்களுக்கு இன்னும் சில. போர்ட் 0-க்கு உள்ளே புல்அப் கிடையாது, வெளியே 10 கிலோ ஓம் போட வேண்டும். சிப்பின் உள் மெமரியில் உள்ள புரோகிராம் ஓட, 31-ஆம் பின் 5 வோல்ட்டில் இருக்க வேண்டும். சிப்புக்குத் துடிப்பு கொடுக்கும் கிரிஸ்டல் "ஏன் 11.0592 மெகாஹெர்ட்ஸ்?" என்று வைவாவில் கேட்டால் கணக்கைப் போட்டே காட்டுங்கள்: அதை 12-ஆலும் 32-ஆலும் வகுத்தால் 28,800, அதை 3-ஆல் வகுக்கும்படி டைமரை வைத்தால் பாட் ரேட் சரியாக 9600. அதே டைமர் மதிப்போடு 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலைப் போட்டால் ஏறக்குறைய 10,417 வரும். 8 சதவீதத்துக்கு மேல் விலகல், சீரியல் தாங்காது. அதனால் பிராக்டிகலில் பவர் கொடுக்கும் முன் கிரிஸ்டல் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படித்துவிடுங்கள்.