‘கொக்கு’ என்று எழுத ஒரு வருடம்

ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்பில் வந்து உட்காரும் பிள்ளையிடம் ‘கொக்கு’ என்று எழுதச் சொன்னால் ஒரு ‘க’ வரும், அல்லது ஒன்றுமே வராது. காலாண்டு வாக்கில் அது ‘ககு’ ஆகும். அரையாண்டு நெருங்கும்போது ‘கெகு’. பொங்கல் கழிந்து ‘கொகு’. ஏப்ரலில்தான் ‘கொக்கு’. எல்லாப் பிள்ளையும் இதே தேதியில் இதே வரிசையில் போவதில்லை. ஆனாலும் சொல்வதெழுதுதலில் ஏப்ரலுக்கு முந்தைய எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பெண்தான்: பூஜ்யம்.

அந்தப் பூஜ்யங்கள் ஒன்றல்ல. ‘ககு’ எழுதிய பிள்ளை, காதில் விழுந்த சொல்லை இரண்டு ஓசையாகப் பிரித்துவிட்டது. ‘கெகு’ எழுதியதற்கு, எழுத்துக்கு இடப்பக்கம் ஒரு கொம்பு வேண்டும் என்று தெரிந்துவிட்டது, துணைக்கால்தான் பாக்கி. ‘கொகு’வில் விட்டுப்போனது நடுவில் நிற்கும் ஒற்று மட்டும். சிவப்பு மையால் நான்கையும் ஒரே மாதிரி அடித்துவிட்டால், ஒரு வருடம் முழுக்க அந்தப் பிள்ளை நடந்த தூரம் யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

இதைக் கண்ணால் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. படம், காகம், மீன், நூல், பெட்டி, தேன், மழை, கொக்கு, கோழி, பல்லி. இந்தப் பத்துச் சொற்களை ஜூன், செப்டம்பர், டிசம்பர், ஏப்ரல் என நான்கு முறை சொல்லி எழுத வையுங்கள். ‘படம்’ குறியே இல்லாத சொல், கடைசியில் ஒரு புள்ளி மட்டும். ‘பெட்டி’யும் ‘தேனு’ம் ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் பிரித்துக் காட்டும். ‘மழை’யில் ழகரமும் ஐகாரமும் சேர்ந்து வரும். வகுப்பு முழுவதற்கும் பதினைந்து நிமிடம் போதும். தாளில் திருத்தம் போடாதீர்கள். தேதி மட்டும் எழுதி, பிள்ளையின் பெயரில் ஒரு உறையில் போட்டு வையுங்கள். இந்தப் பத்தையும் கரும்பலகையில் எழுதிப் பயிற்சி கொடுத்துவிடக் கூடாது. கொடுத்தால் பிள்ளை அந்தச் சொல்லின் படத்தை மனப்பாடம் செய்துகொள்ளும், நமக்கு எதுவும் தெரியாது.

வாசிப்பில் வரும் முதல் முட்டுக்கட்டையை நாமே கொண்டுவந்து வைக்கிறோம். ‘ம்’ என்ற எழுத்துக்கு ‘இம்’ என்று பெயர் சொல்லித் தருகிறோம். பிள்ளை விரல் வைத்து ‘ம... ர... இம்’ என்று படிக்கும். அதை எத்தனை வேகமாகச் சொன்னாலும் ‘மரம்’ வராது, ‘மரஇம்’தான் வரும். எழுத்தெல்லாம் தெரிந்தும் படிக்கத் தெரியாமல் நிற்கும் பிள்ளைகளில் பலர் நிற்குமிடம் இதுதான். ஒற்றைத் தனியாகச் சொல்ல விடாமல், முன்னால் இருக்கும் எழுத்தோடு சேர்த்தே வாயில் வர வேண்டும்: ரம், டம், கல், பல், மண். விரலைக் குத்திக் குத்தி வைக்காமல் சொல்லின் அடியில் இழுத்துக்கொண்டே போகச் சொன்னால் ஓசை தானாக ஒட்டும்.

247 எழுத்து அட்டவணையைப் பார்த்துப் பெற்றோர் மலைத்துப் போகிறார்கள். உயிர் 12, மெய் 18 தெரிந்தபின், 216 உயிர்மெய்யில் பெரும்பகுதி சில குறிகளின் விளையாட்டுதான். துணைக்கால் எந்த எழுத்தோடு சேர்ந்தாலும் அதே துணைக்கால். உகர வரிசைதான் அப்படி இல்லை. ‘கு’ ஒரு மாதிரி, ‘சு’ ஒரு மாதிரி, ‘து’ வேறொரு மாதிரி. அதனால் ‘கு’ முதல் ‘னு’ வரை அகரவரிசையில் ஒப்பிக்க வைப்பதில் பயனில்லை. சு, பு, யு, வு ஒரு குடும்பம். து, நு, லு, று இன்னொரு குடும்பம். கு, மு, ரு போன்றவை தனி. குடும்பம் குடும்பமாகக் கொடுத்தால் கை பழகிவிடும். இந்த ஒரு வரிசைக்கு மட்டும் மற்றவற்றைப்போல் இரண்டு மடங்கு நாள் ஒதுக்குவது நியாயம்.

கூட்டாகச் சொல்லிப் படிப்பதை முழுதாக நம்பாதீர்கள். முப்பது குரலில் நான்கு பிள்ளைகள் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருப்பார்கள். ஒரு நாளைக்கு ஆறு பேரை அருகில் உட்கார வைத்து, ஆளுக்கு மூன்று நிமிடம் தனியாகப் படிக்கச் சொன்னால் ஐந்து நாளில் முப்பது பேரும் முடிந்துவிடுவார்கள்.

கணக்கில் தமிழுக்கே உரிய ஒரு பள்ளம் இருக்கிறது. எண்பத்தொன்பதுக்கு அடுத்து ‘தொண்ணூறு’. அதற்குள் ‘நூறு’ ஒலிப்பதால் பிள்ளை 100 என்று எழுதிவிடும். தொண்ணூற்றொன்றை 101 என்று எழுதும். அதே காரணத்தால் பின்னால் ‘தொள்ளாயிரம்’ ஆயிரத்தோடு குழம்பும். ‘நூற்றைந்து’ என்றால் நூறையும் ஐந்தையும் பக்கத்தில் வைத்து 1005. இது கவனக்குறைவு இல்லை, காதில் விழுந்ததை அப்படியே எழுதியது. ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, ஒன்பது கட்டையும் கையில் கொடுத்து எண்ண வையுங்கள். பத்தாவது கட்டு வராமல் நூறு இல்லை என்பது கைக்குப் புரிந்த பிறகே காதின் குழப்பம் தீரும்.

தொடக்க வகுப்புகளுக்கான தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-23இல் வந்ததிலிருந்து, பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறோம். நல்ல ஏற்பாடு. ஆனால் ‘அவன் அரும்பு’ என்று அதுவே ஒரு பிள்ளையின் பெயராகிவிட்டால் பிரித்ததன் நோக்கமே கெட்டுவிடும். தமிழில் திணறும் பிள்ளை கணக்கில் முன்னால் நிற்கலாம். உறையில் புதுத் தாள் சேரும்போதெல்லாம் குழுவையும் மாற்றிப் பார்க்க வேண்டும்.

எழுத்துக்கு வெளியே வளர்வதையும் அந்த உறையின் மேலேயே இரண்டு வரி குறிக்கலாம். பாத்ரூம் போக வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கிறதா? ரப்பரால் தாள் கிழியும்வரை அழிப்பது குறைந்திருக்கிறதா? பக்கத்துப் பிள்ளைக்குப் பென்சில் கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்கத் தெரிகிறதா? எனக்கு இவற்றில் பெரியது, ‘தெரியல டீச்சர்’ என்று தலை நிமிர்ந்து சொல்வது. தப்பாகச் சொன்னால் அடி விழாது, யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று நம்பும் பிள்ளைதான் அதைச் சொல்லும். மௌனமாக நிற்கும் பிள்ளைக்கு எது தெரியவில்லை என்று கண்டுபிடிக்க வாரங்கள் ஆகும்.

மே மாத விடுமுறையில் கொஞ்சம் நழுவத்தான் செய்யும். இரண்டாம் வகுப்பு ஆசிரியரிடம் உறையை ஒப்படைக்கும்போது, புதுப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன் அதே பத்துச் சொல்லையும் ஒருமுறை எழுத வைக்கச் சொல்லுங்கள். நடுவில் வரும் ஒற்று பலருக்கு உதிர்ந்திருக்கும். ‘கொக்கு’ மறுபடி ‘கொகு’ ஆகியிருக்கும். இரண்டு வாரம் பல்லி, பெட்டி, தொட்டி, பக்கம் என்று வாயால் அழுத்திச் சொல்லி எழுத வைத்தால் திரும்ப வந்துவிடும்.